முதுகு காட்டிப் போகிறவர்கள்

பிளம் பழுக்கிற மாதத்து மழையில் எவனும் சுருளோவியத்தை விரிக்க மாட்டான். காகிதம் ஈரத்தைக் குடிக்கும், பசை இளகும், பூஞ்சை ஏறும். எங்கள் தொழிலுக்கு நேற்று வந்தவனுக்குக்கூட இது தெரியும். ஆனால் ஹுய்ச்சோ மலைப்பக்கத்துத் தேயிலை வியாபாரி ஃபாங் தின்யூ, மழை விடும்வரை பொறுக்க முடியாது, தன் வீட்டு மலையோவியம் அசலா போலியா என்று உடனே வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். சேதி வந்த அன்றைக்கே என் மச்சினன் மெங்சூ துணிமூட்டையைக் கட்டிவிட்டான்.

நான் தாவ் பெய்ஹெங். சூச்சோ நகரத்தில் பழைய ஓவியங்களை மதிப்பிடுகிறவன். என் கண்ணைப் பற்றி நானே பீற்றிக்கொள்ளக் கூடாதுதான். மற்றவர்கள் சரியாகச் சொல்வதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: மலையோவியத்தில் என்னை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை. மெங்சூவுக்கும் இதே தொழில். கெட்டிக்காரன், ஆனால் ஒன்றின்மேல் ஆசை விழுந்துவிட்டால் அவனுக்குக் கண் அவிந்துவிடும். என் மனைவி லான்யிங்கின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவள் ஊட்டி வளர்த்த பிள்ளை.

கிளம்பும்போது லான்யிங் என் அங்கிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் அவசரக்காரன். பத்திரமா கூட்டிட்டுப் போய்ப் பத்திரமா கொண்டுவந்து விட்டுடுங்க. எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

"அப்ப நான் யாராம்?"

"நீங்க என் தலையெழுத்து. அவன் என் தம்பி."

ஹாங்சோவரை ரயில், அப்புறம் இடுப்பை உடைக்கிற பஸ், அப்புறம் சின்ஆன் ஆற்றில் படகு. வழியெல்லாம் மழை. மெங்சூவின் எண்ணெய்க் காகிதக் குடையில் ஒரு கம்பி முறிந்து ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. புதிது வாங்கடா என்றால் கேட்க மாட்டான்.

"அத்தான், இந்தத் தடவை நான் சொல்றதுதான் பலிக்கும், பாருங்க."

"போன தடவை நீ அசல்னு கட்டிப்புடிச்சு அழுதியே, அந்த ஓவியத்துல பசைகூடக் காயல மாப்ளே."

"ஆரம்பிச்சிட்டீங்களா! சாகிற வரைக்கும் அதையே சொல்லி என் மானத்தை வாங்குங்க."

படகுக்காரன்கூடச் சிரித்துவிட்டான்.

ஃபாங் வீடு ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில் தனியாக நின்றது. உயரமான வெள்ளைச் சுவர்கள் மழை வழிந்து கறுத்திருந்தன. ஜன்னல் என்று பேருக்கு ஒன்றிரண்டு பொந்துகள். கதவை ஃபாங்கே வந்து திறந்தார். என் வயதுதான் இருக்கும், ஆனால் பல நாள் தூங்காத முகம்.

"வேலைக்காரங்க யாரும் இல்லையா?" என்றேன்.

"யாரும் நிக்கிறதில்ல."

உள்ளே நடுமுற்றம் வானம் பார்த்துத் திறந்திருந்தது. மழை வீட்டுக்குள்ளேயே விழுந்து கல்தொட்டியில் தளும்பியது. பட்டப்பகல், ஆனால் கூடத்தில் விளக்கு வேண்டியிருந்தது. பூஞ்சை வாடை, கற்பூர வாடை, உத்திரத்தில் தொங்கிய உப்புக்கண்டத்தின் வாடை. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அப்போதுதான் கல்லில் அரைத்த மையின் வாசனை.

"யாராவது மை அரைக்கிறாங்களா?"

ஃபாங் தொட்டி ஓரம் இருந்த வெண்கலச் சட்டியைக் காட்டினார். அடியில் பழைய சாம்பல்.

"எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் இருக்கு. வீட்டுல போலி ஓவியம் இருக்கக் கூடாது. போலின்னு சொன்னா, சொன்னவர் கண் முன்னாடியே இதுல போட்டு எரிச்சுடுவோம். அசல்னா உங்க கையால உங்க முத்திரையை வெச்சுட்டுப் போகணும்."

இதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் தொழிலில் வாயால் அசல் என்று சொல்லிவிட்டாலே முத்திரை வைத்த மாதிரிதான். சிவப்பு மசி அதற்குப் பின்னால் வருகிற சடங்கு. இடுப்புப் பையில் எப்போதும் கிடக்கிற சின்ன முத்திரைக் கல்லில் எங்கள் பெயர் செதுக்கியிருக்கும். அதுதான் எங்கள் வாக்கு, எங்கள் மானம், எல்லாம்.

மேஜையில் சுருளை வைத்து, வலமிருந்து இடமாக, ஒரு கை அகலம் விரித்து, பார்த்து, சுருட்டி, மீண்டும் விரித்தோம். மிங் வம்சம் விழுந்த காலத்தில் மலையேறிப் போய்த் திரும்பாத ஒரு துறவி வரைந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள். என்ன மலை அது! பாறைமேல் காய்ந்த தூரிகையை இழுத்த வேகம், மூடுபனிக்காக வெறுமனே விட்ட காகிதம், ஒரு கோட்டில்கூடத் தயக்கம் இல்லை. மை காகித நாருக்குள் இறங்கிப் பாறையாகவே உறைந்திருந்தது.

அந்த மலையில் ஒரு பாதை. பாதையில் மனிதர்கள். நெல்மணி அளவுதான் ஒவ்வொருவரும். எல்லோரும் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு. உச்சியில் பனிக்குள் பாதி மறைந்த ஒரு குடிசை, அதன் கதவு திறந்திருந்தது.

"அத்தான்..." மெங்சூ சுருள்மேல் குனிந்தான். "இதுமாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல."

"மலையைப் பார்த்தது போதும், மனுஷங்களைப் பாரு." நான் பூதக்கண்ணாடியை அவனிடம் தள்ளினேன். "பூச்சி அரிச்ச ஓட்டை தெரியுதா? இந்தத் தொப்பிக்காரனோட மை அந்த ஓட்டை விளிம்புக்குள்ள இறங்கியிருக்கு. அப்படின்னா பூச்சி அரிச்சதுக்கு அப்புறம் இவனை வரைஞ்சிருக்காங்க. அடுத்தவன் மை வேற வயசு. அதுக்கடுத்தவன் இன்னும் புதுசு. மலை அசல். மனுஷங்க போலி."

"போலியாவா? அந்த முதுகைப் பாருங்க, மூச்சு வாங்குது! உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். அக்கா உங்களோட எப்படித்தான் குப்பை கொட்டுதோ!"

"கடைசியா என்ன சொல்றீங்க?" ஃபாங் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. "போலியா?"

நான் இழுத்தேன். அந்த மலையை நெருப்பில் போட எனக்கு மனசு வரவில்லை. "மழை விடட்டும். நல்ல வெளிச்சத்துல பார்த்துச் சொல்றேன்."

"நான் இப்பவே சொல்றேன்," என்றான் மெங்சூ. "அசல்!"

நான் கையைப் பிடிப்பதற்குள் முத்திரையை மசியில் ஒற்றிச் சுருளின் கடைசியில், மற்ற முத்திரைகளின் வரிசையில், அழுத்திவிட்டான். அந்த வரிசையில் நான் கேள்விப்பட்ட பெரிய கண்ணுக்காரர்களின் பெயர்கள் இருந்தன. அவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் சந்தித்ததில்லை, அவர்களின் கடைசிக் காலத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஃபாங் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தன் ஓவியம் அசல் என்று கேட்டு இப்படி அழுத சொந்தக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு மூங்கில் குருத்தும் உப்புக்கண்டமும் வைத்தார். மெங்சூ சோற்றைத் தொடவில்லை. கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தான்.

"என்னடா?"

"கால் கடுக்குது அத்தான். காலையிலிருந்து மேடு ஏறின மாதிரி."

"பஸ்ல குந்தியிருந்தது."

"குளுருது. இங்க பனி இறங்குதா?"

கூடத்தில் பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேஜைக்குக் கீழே தற்செயலாகப் பார்த்தேன். அவன் செருப்பில் புதுச் சேறு. வீட்டுக்குள் வந்ததும் வாசலிலேயே சேற்றைக் கழுவிவிட்டுத்தான் நாங்கள் ஏறியிருந்தோம்.

"கொஞ்சம் படுக்கிறேன்," என்று எழுந்து கூடத்தை ஒட்டிய அறைக்குள் போனான். குடையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனான். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஃபாங் தொட்டியைப் பார்த்தபடி எதிரே. மழைச் சத்தம் ஒரே சீராக இருந்தது.

பிறகு, மழைக்குள்ளிருந்து இன்னொரு சத்தம்.

சரளைக்கல் சரிகிற சத்தம். யாரோ ஏறுகிறார்கள். நின்று மூச்சு வாங்குகிறார்கள். மறுபடி ஏறுகிறார்கள்.

கூரையில் இல்லை. வெளியிலும் இல்லை.

மேஜைமேல், கட்டி வைத்திருந்த சுருளுக்குள்.

"கேக்குதா?" என்றார் ஃபாங் மெல்ல. "எனக்குத் தினம் கேக்குது."

நான் அறைக்கு ஓடினேன். கட்டில் காலி. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது, கூடத்தைத் தாண்டி அவன் போகவும் இல்லை. படுக்கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தலையணையில் அவன் முத்திரைக் கல் கிடந்தது. எடுத்துப் புரட்டிப் பார்த்தேன்.

அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. செதுக்கிய பெயர் இல்லை.

திரும்ப வந்து சுருளை எப்படி விரித்தேனோ தெரியாது, தொழில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. பாதை. தொப்பிக்காரன். கூன் விழுந்த ஒருவர். மற்றவர்கள். எல்லோருக்கும் கீழே, காலையில் வெறும் சரிவாக இருந்த இடத்தில், புதிதாக ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. கையில் குடை. ஒரு பக்கம் கம்பி முறிந்து தொங்கியது.

விரலை வைத்துவிட்டேன். அடப்பாவி, வைத்துவிட்டேன். மை ஈரமாக இருந்தது. அவன் வலது தோள் என் விரலோடு இழுபட்டுக் கறையாய்ப் போயிற்று.

"அத்தான்..."

காகிதத்திலிருந்து, எங்கோ வெகு உயரத்திலிருந்து வருகிற மாதிரி, வலியில் ஒரு குரல்.

நான் ஃபாங்கின் கழுத்தைப் பிடித்துவிட்டேன். "தெரிஞ்சேதான கூப்பிட்டே? நாயே, தெரிஞ்சேதான கூப்பிட்டே?"

அவர் தடுக்கவில்லை. "அந்தக் கூன் விழுந்தவர் எங்க அப்பா," என்றார். "நம்ம வீட்டுச் சொத்து அசல்னு ஆசையா முத்திரை வெச்சவர். நான் எப்படி என் கையால அவரை நெருப்புல போடுவேன்? போலின்னு ஒரு நல்ல கண்ணு சொல்லிட்டா அது வெறும் காகிதம். அப்ப அதுல அப்பா இல்ல, யாரும் இல்ல, பாவமும் இல்ல. அதுக்காகத்தான் ஒவ்வொருத்தரா கூப்பிட்டேன். வர்றவங்க எல்லாம் அசல் அசல்னே சொல்றாங்க. நீங்களாவது சொல்வீங்கன்னு..."

என் காதில் எதுவும் ஏறவில்லை. லான்யிங்கின் முகம்தான் கண்ணில் நின்றது. பத்திரமா கொண்டுவந்து விட்டுடுங்க.

முத்திரையால் போனவன் முத்திரை போனால் வருவான். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. போலிக்காரர்கள் செய்கிற ஒரு வேலை உண்டு: முத்திரை உள்ள இடத்தை மட்டும் கத்தியால் சதுரமாக வெட்டி எடுத்துவிடுவார்கள். அதைக் கண்டுபிடித்து எத்தனையோ பேரைச் சந்தி சிரிக்க வைத்தவன் நான். அன்று என் பையிலிருந்து மெல்லிய கத்தியை நானே எடுத்தேன். மெங்சூவின் சிவப்புப் பெயரைச் சுற்றி வெட்டினேன்.

"அப்ப அவர் சொன்னதை வாபஸ் வாங்குறீங்களா?" ஃபாங் எழுந்து நின்றுவிட்டார். "வாயால சொல்லுங்க."

"வாபஸ்! வாபஸ்!"

வெட்டிய துண்டு என் கையோடு வந்தது.

அறையில் யாரோ இருமினார்கள்.

ஓடினேன். கட்டில் விளிம்பில் அவன் உட்கார்ந்திருந்தான்! நனைந்த நீல அங்கி, ஈரத் தலை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

"உயிரே போயிடுச்சுடா! உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இந்தப் பக்கம் திரும்பு."

அவன் திரும்பவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவன் முன்னால் போனேன்.

முதுகு.

ஈரத் தலையின் பின்பக்கம். பிடரி. அங்கியின் முதுகுத் தையல்.

மறுபடி சுற்றினேன். முதுகு. சுவரோரம் போனேன். முதுகு. எந்தப் பக்கம் நின்றாலும் அவன் என்னைவிட்டு அந்தண்டை பார்த்துக்கொண்டிருந்தான். வலது தோளில் கறுப்பாக ஒரு கறை. தொட்டால் விரலில் ஒட்டியது.

மலை அசல். மனுஷங்க போலி. நான்தான் காலையில் அப்படிச் சொன்னேன்.

அப்போது காகிதம் கருகுகிற வாடை வந்தது.

முத்திரையை வெட்டி எடுத்து, வாபஸ் என்றும் சொன்னால், போலி என்று தீர்ப்புச் சொன்னதாகத்தான் அர்த்தம். எங்கள் தொழிலில் இது தெரியாதவன் இல்லை. அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போயிற்று? கூடத்துக்கு ஓடி வந்தபோது ஃபாங் வெண்கலச் சட்டியின் முன் மண்டியிட்டிருந்தார். "அப்பா, அது நீங்க இல்லப்பா, வெறும் காகிதம்பா," என்று சொல்லிச் சொல்லித் தரையில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தார். சுருள் பாதிக்குமேல் எரிந்துவிட்டது. உச்சிக் குடிசை போய்விட்டது. தொப்பிக்காரனும் கூன் முதுகுக்காரரும் போய்விட்டார்கள். பாதையின் கீழ்ப்பகுதி மட்டும் நெருப்பில் சுருண்டு நிமிர்ந்தது.

அதில் ஒருவன் திரும்பி நின்றான்.

நெல்மணி அளவு முகம். அதற்கென்ன, அது எனக்குத் தெரியாத முகமா? என் வீட்டுப் பிள்ளை. வலது தோள் கறை. கண்கள் நேரே என்னைப் பார்த்தன. வாய் திறந்திருந்தது.

கையை நெருப்புக்குள் விட்டேன். சாம்பல்தான் வந்தது.

அதை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வேறு என்ன செய்ய? நான் நடந்தால் அது நடந்தது, உட்கார்ந்தால் உட்கார்ந்தது. பெரிய புல்தொப்பியும் மழை அங்கியும் போட்டுவிட்டேன். பஸ்ஸில் யாரோ, "மச்சானும் மாப்ளையும் சண்டையா?" என்று கேலி பேசினார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

லான்யிங் வாசலுக்கு ஓடி வந்து தம்பியின் முதுகைக் கட்டிக்கொண்டாள். அவன் நேரே பின்கட்டு அறைக்குப் போய் வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். என்னோடு சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்து, எனக்கு நாலு திட்டு கொடுத்துவிட்டு, அவனுக்குப் பிடித்த இறால் போட்டு நூடுல்ஸ் செய்து கொண்டுபோய் வைத்தாள். அது அப்படியே ஆறிப்போயிற்று. மறுநாள் வைத்ததும் ஆறிப்போயிற்று. அவள் அவனைச் சுற்றி முன்னால் போகிற காலடிச் சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி சுற்றுகிற சத்தமும் கேட்டது. அவள் அலறவில்லை.

வெளியே வந்து என் எதிரே நின்றாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"ஊரே உங்க கண்ணைக் கொண்டாடுது. நீங்க பார்த்துச் சொல்லுங்க. அது என் தம்பிதானா?"

நான் கட்டுப்போட்ட கையைப் பார்த்தேன். இல்லை என்றால், என் தம்பி எங்கே என்று கேட்பாள். என் கண் முன்னால், என் வார்த்தையால், எரிந்துபோனான் என்று சொல்ல வேண்டும். அவள் அங்கேயே விழுந்து செத்துவிடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

"அவன்தான்," என்றேன். "அசல்."

அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் குளிக்க வெந்நீர் வைக்கப் போனாள்.

அது நேற்று. பிளம் மழை முடிந்து வெயில் காய்கிறது, தெருக்கல்லெல்லாம் சுடுகிறது. நான் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. ஆனாலும் என் துணிச்செருப்பில் கணுக்கால்வரை சேறு. கெண்டைக்கால் தெறிக்கிறது. வீடு முழுக்க அப்போதுதான் அரைத்த மையின் வாசனை. சற்று முன் இடுப்புப் பையைத் திறந்து என் முத்திரைக் கல்லைத் தடவிப் பார்த்தேன், பிறகு வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது.

இப்போது லான்யிங் டீ கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு நிற்கிறாள்.

"உங்களுக்கும் என்னங்க கோவம்?" என்கிறாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்களேன்."

நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.